தெத்துப்பல்லுக்குக் கம்பி போட்டால் எலும்புக்குள் என்ன நடக்கிறது?

வணக்கம். இன்றைக்கு முதலில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கேள்விக்குள்ளேயே ஐந்து கேள்வி இருக்கிறது, ஐந்தும் நியாயமான கேள்வி.

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு 13 வயது. மேல்வரிசையில் இரண்டு பக்கமும் கோரைப்பல் வரிசையை விட்டு வெளியே தள்ளி, மேலே ஏறி, தெத்துப்பல்லாக நிற்கிறது. கீழ்வரிசையிலும் நெருக்கம். பல் டாக்டர் பார்த்துவிட்டு, கம்பி போடலாம், இரண்டு வருடம் ஆகும், அதற்கு முன்னால் நாலு பல்லை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சகோதரி கேட்பது இதுதான்: "அவ்வளவு மெல்லிய கம்பி, எலும்புக்குள் புதைந்திருக்கிற பல்லை எப்படி நகர்த்தும்? நகர்த்தினால் பல் ஆட்டம் கண்டுவிடாதா? நல்ல பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும்? மாதாமாதம் இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு ஒரே வருடத்தில் முடிக்க முடியாதா? தெத்துப்பல் அதிர்ஷ்டம், அதில் கை வைக்காதே என்று மாமியார் வேறு சொல்கிறார், என்ன செய்வது?"

சரி. முதல் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றவை தானாகவே விளங்கிவிடும். அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம்மில் பலர் மனதில் பல் என்பது சுவரில் அடித்த ஆணி மாதிரி இருக்கிறது. எலும்பில் இறுக்கமாகச் செருகி நிற்கிறது, அதை நகர்த்த வேண்டுமென்றால் பலமாகத் தள்ள வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். பல் அப்படி இல்லை. பல்லின் வேர் எலும்பைத் தொடுவதே கிடையாது. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய நார்ச்சவ்வு இருக்கிறது. அதன் கனம் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் ஆயிரக்கணக்கான நார்கள் ஒரு முனையில் வேரையும் மறுமுனையில் எலும்பையும் பிடித்துக்கொண்டு, பல்லைக் குழிக்குள் தொங்கவிட்ட மாதிரி வைத்திருக்கின்றன. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நீரும் உயிருள்ள செல்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. சோற்றில் ஒரு சின்னக் கல் கடிபட்டால் அந்த நொடியிலேயே தாடை நின்றுவிடுகிறது அல்லவா, அந்தத் தகவலை அனுப்புவதில் இந்தச் சவ்வில் இருக்கிற நரம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தச் சவ்வுதான் கதாநாயகன். பல்லை நகர்த்துவது கம்பி என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் கம்பி செய்வது ஒரு சின்ன வேலைதான். இந்தச் சவ்வை ஒரு பக்கம் லேசாக அமுக்குகிறது, மறுபக்கம் லேசாக இழுக்கிறது. மிச்ச வேலையை உங்கள் மகளின் உடம்பே செய்கிறது.

எப்படி என்று பாருங்கள். முறுக்கையோ தட்டையையோ கடிக்கும்போது பல்லில் விழுகிற விசை பல கிலோ இருக்கும். தினமும் அப்படிக் கடிக்கிறோம், பல் இடம் மாறுவதில்லை. ஏனென்றால் அந்த விசை ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. சவ்வுக்குள் இருக்கிற நீர் அதைத் தாங்கிக்கொள்கிறது, கடி முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. ஆனால் வெறும் 50 கிராம் விசை, அதாவது ஒரு முட்டையின் எடை அளவுக்கு, நாள் முழுவதும் விடாமல் ஒரே பக்கமாக இருந்தால் கதை வேறு. நீர் மெதுவாக ஒதுங்கிவிடும். அமுங்கிய பக்கத்தில் இரத்த ஓட்டம் குறையும், எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடும். சவ்வில் இருக்கிற செல்கள் இதை உணர்ந்து புரோஸ்டாகிளாண்டின் போன்ற இரசாயனங்களை வெளியிடும். ஏறத்தாழ இரண்டு நாளில், அமுங்கிய பக்கத்து எலும்பில் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் வந்து சேரும். எலும்பைக் கரைப்பதுதான் அவற்றின் வேலை. இழுபடும் பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் புது எலும்பைக் கட்டும்.

முன்னால் இருக்கிற எலும்பு கரைகிறது, பின்னால் புது எலும்பு வளர்கிறது. அப்படியென்றால் பல் எலும்பைக் கிழித்துக்கொண்டு போகவில்லை. பல் இருக்கிற குழியே பல்லோடு சேர்ந்து நகர்கிறது. இது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிற விஷயம். நம் எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னையே கரைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இயல்பான வேலைக்குப் பல் டாக்டர்கள் நாங்கள் ஒரு திசை காட்டுகிறோம், அவ்வளவுதான்.

எல்லாம் இந்தச் சவ்வில்தான் இருக்கிறது என்பதற்கு ஒரு ஆதாரமும் உண்டு. சிலருக்கு அடிபட்ட பல் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொண்டுவிடும், நடுவில் சவ்வு இருக்காது. அந்தப் பல்லை எந்தக் கம்பியாலும் நகர்த்த முடியாது. இம்ப்ளான்ட் என்று டைட்டானியம் திருகு வைத்துச் செயற்கைப் பல் கட்டுகிறோமே, அதுவும் அப்படித்தான், வைத்த இடத்திலேயே நிற்கும். பெரியவர்கள் யாராவது இம்ப்ளான்ட், கம்பி இரண்டும் செய்துகொள்வதாக இருந்தால் பெரும்பாலும் கம்பியை முதலில் முடிக்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது நாலாவது கேள்வியை முன்னால் இழுத்துக்கொள்கிறேன். இன்னும் இறுக்கினால் சீக்கிரம் முடியாதா? கம்பி போட்டுக்கொண்ட பிள்ளைகளே வந்து, "டாக்டர், நல்லா டைட் பண்ணிவிடுங்க, காலேஜ் சேர்றதுக்குள்ள எடுத்துடணும்" என்பார்கள். ஆசை புரிகிறது. ஆனால் அதிகமாக இறுக்கினால் வேகம் கூடாது, குறையும்.

விசை அளவுக்கு மீறினால் அமுங்கிய பக்கத்தில் இரத்தக் குழாய்கள் முழுவதுமாக அடைபட்டுவிடும். இரத்தம் போகாத இடத்தில் செல்கள் இறந்துவிடும். செல் இல்லையென்றால் எலும்பைக் கரைக்க அங்கே ஆளே இல்லை. பல் அப்படியே நின்றுவிடும். அக்கம்பக்கத்து எலும்பிலிருந்து செல்கள் வந்து, பின்பக்கமாகக் குடைந்து, அந்த இறந்த பகுதியை அப்புறப்படுத்திய பிறகுதான் பல் அசையும். இதற்கு ஒன்றிரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் வீணாகும். வலியும் அதிகம், வேர் கரைகிற ஆபத்தும் அதிகம். இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் என்ற மருத்துவர் நாய்களின் பல்லை நகர்த்திப் பார்த்து, மைக்ரோஸ்கோப்பில் ஆராய்ந்து, 1904-லேயே இதை எழுதிவைத்தார். ஒரு பக்கம் எலும்பு கரைவதையும் மறுபக்கம் வளர்வதையும் பார்த்தார். விசை கூடினால் சவ்வில் இறந்த பகுதி உண்டாவதையும் அவரே பார்த்தார்.

அதனால்தான் 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை வரச் சொல்கிறோம். டாக்டர் தேதியைத் தள்ளிப்போடுகிறார் என்று நினைக்க வேண்டாம். அந்த இடைவெளி எலும்புக்கும் சவ்வுக்கும் தேவைப்படுகிற நேரம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு வருடம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகரும். இடத்துக்காக எடுப்பது கோரைப்பல்லுக்கு அடுத்து இருக்கிற முன்கடைவாய்ப்பல்லை, அதன் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். எடுத்த அந்த இடம் மூடவே ஆறேழு மாதம் ஆகும். அதற்கு முன்னால் கோணல்மாணலாக இருக்கிற பற்களை ஒரு வரிசைக்குக் கொண்டுவர அரை வருடம். இடத்தை மூடிய பிறகு வேர்களை நிமிர்த்தி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்துகிற மாதிரி நுணுக்கமாக முடிக்க இன்னும் சில மாதம். நடுவில் பல்லில் ஒட்டிய பிராக்கெட் இரண்டு முறை பெயர்ந்து, ஒரு மாதம் தேர்வு என்று வராமல் இருந்து, எல்லாம் சேர்த்தால் 18 முதல் 24 மாதம் ஆகிவிடும். பல் எடுக்கத் தேவையில்லாத எளிய கேஸ் ஒரு வருடத்திலேயே முடிவதும் உண்டு. ஆனால் வாயைத் திறந்து பார்க்காமலேயே "ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்தால் தயவுசெய்து யோசியுங்கள். எலும்புக்கு விளம்பரம் தெரியாது.

கம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல்லின் மேல் ஒட்டுகிற சின்னச் சதுரமான உலோகத் துண்டுதான் பிராக்கெட். அது எதையும் தள்ளாது, கம்பி பிடித்துக்கொள்வதற்கான பிடி மட்டும்தான். பாஸ்பாரிக் அமிலத்தைப் பல்லின் மேல் சில நொடி வைத்துக் கழுவினால் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழும், பசை அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் மைக்கேல் புவோனகோர் என்பவர் 1955-ல் இந்த வழியைக் காட்டினார். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லுக்கும் மோதிரம் மாதிரி உலோகப் பட்டை மாட்ட வேண்டியிருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் இருப்பதால் பல்லில் பழுப்புத் திட்டு விழுந்திருக்கும். அந்த எனாமலில் பசை அவ்வளவாகப் பிடிக்காது, பிராக்கெட் அடிக்கடி பெயரும். அதை அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் அஜாக்கிரதை என்று திட்டாதீர்கள்.

முதலில் போடுவது நிக்கலும் டைட்டானியமும் கலந்த மெல்லிய வட்டக் கம்பி, அதாவது வெட்டிப் பார்த்தால் முனை வட்டமாகத் தெரியும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வேறு எதற்கோ உருவான உலோகக் கலவை இது. அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆன்ட்ரியாசன் 1970-களில் இதைப் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். எவ்வளவு வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதுவும் ஏறத்தாழ ஒரே அளவான, மென்மையான விசையோடு திரும்பும். எலும்புக்குத் தேவையானது இதுதான் அல்லவா? கோணலான பற்களில் அதை மாட்டும்போது கம்பி நெளிந்து நிற்கும். அது நேராகத் திரும்பத் திரும்ப, பல்லும் கூடவே வரும்.

ஆனால் வட்டக் கம்பிக்கு ஒரு குறை. அது பல்லின் தலையைத்தான் இழுக்கும். வேர் எலும்புக்குள் இருப்பதால் பின்தங்கிவிடும், பல் சாய்ந்து நிற்கும். கண்ணாடியில் பார்த்தால் வரிசை நேராகிவிட்ட மாதிரி தெரியும். இந்தக் கட்டத்தில்தான் ஆறேழு மாதத்திலேயே "போதும் டாக்டர், அழகாகிவிட்டது, எடுத்துவிடுங்கள்" என்று பெற்றோர் கேட்பார்கள். எடுத்துவிடாதீர்கள். இனிமேல்தான் செவ்வக வடிவக் கம்பி வரும். பிராக்கெட்டின் பள்ளமும் செவ்வகம்தான், அதில் செவ்வகக் கம்பி உட்கார்ந்தால் சுழல இடமிருக்காது. அதனால் கம்பியின் முறுக்கு வேர் வரைக்கும் போய்ச் சேரும், வேரும் நிமிரும். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களின் கடைசியில் கொண்டுவந்த அமைப்பு இது. இன்றைக்கு உங்கள் மகளுக்குப் போடப்போகிற பிராக்கெட்டும் அதன் வழிவந்ததுதான்.

நல்ல பல்லை ஏன் பிடுங்க வேண்டும்? அந்த ஆங்கிள் இருந்தாரே, அவர் கடைசிவரைக்கும் ஒரு பல்லையும் எடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட் குருவின் வழியிலேயே சிகிச்சை செய்தார். பல பேருக்குப் பல் முன்னால் தள்ளிக்கொண்டதையும், மறுபடி கோணலானதையும் பார்த்தார். அதே ஆட்களுக்கு முன்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு மறுபடி சிகிச்சை செய்து, 1940-களில் வித்தியாசத்தைக் காட்டினார். அந்த வாதம் இன்னும் முழுதாக ஓயவில்லை. என் கருத்து, இது ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயம். எல்லோருக்கும் எடுப்பதும் தவறு, யாருக்குமே எடுக்க மாட்டேன் என்பதும் தவறு.

உங்கள் மகள் விஷயத்தில், தெத்துப்பல்லாக நிற்பது எப்போதும் கோரைப்பல்லாகவே ஏன் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மேல்வரிசையில் முன்பற்கள் 7 முதல் 9 வயதுக்குள் முளைத்துவிடும். முதல் முன்கடைவாய்ப்பல் 10, 11 வயதில் வந்துவிடும். கோரைப்பல் 11, 12 வயதில்தான் இறங்கும். அதற்குள் முன்னாலும் பின்னாலும் இருக்கிறவர்கள் இடத்தைப் பிடித்துவிட்டால், இது வெளியே நிற்க வேண்டியதுதான். தாடை சின்னது, பல் பெரியது என்பது பெரும்பாலும் பிறவி அமைப்பு. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. "பால் பல்தானே, விழத்தான் போகிறது" என்று சொத்தையைக் கவனிக்காமல் விடுகிறோம். பால் கடைவாய்ப்பல் காலத்துக்கு முன்னால் போய்விட்டால், 6 வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். பின்னால் வரவேண்டிய பல்லுக்கு இடமில்லை. வீட்டில் சின்னத் தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களுடைய பால் பல் சொத்தையை அடைத்துவிடுங்கள்.

இடம் எவ்வளவு பற்றாக்குறை என்று அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் பற்களின் பக்கங்களில் எனாமலை மயிரிழை அளவுக்குத் தேய்த்து இடம் எடுக்கலாம். மேல்தாடை குறுகலாக இருந்து, வயதும் சின்னதாக இருந்தால் அண்ணத்தை விரிக்கும் கருவி போடலாம். மேல்தாடையின் நடுவில் இருக்கிற இணைப்பு பருவ வயது தாண்டினால் இறுகிக்கொண்டே போகும் என்பதால், அதற்குக் காலம் முக்கியம். பற்றாக்குறை பெரிதாக இருந்தாலோ, உதடு மூட முடியாத அளவுக்கு முன்பல் தூக்கலாக இருந்தாலோ, பல் எடுப்பதுதான் சரி. இடமில்லாத தாடையில் எல்லாப் பல்லையும் அடக்கப் பார்த்தால் வேர் எலும்பின் விளிம்புக்கு வெளியே தள்ளப்பட்டு, ஈறு இறங்கிவிடும்.

மாமியாருக்கு நீங்கள் தைரியமாகச் சொல்லலாம், தெத்துப்பல்லை யாரும் பிடுங்கப்போவதில்லை. கோரைப்பல்லின் வேர்தான் வாயிலேயே மிக நீளமானது, வயதான காலத்திலும் கடைசிவரைக்கும் நிற்பது பெரும்பாலும் அதுதான். அதை நாங்கள் பத்திரமாக வைத்துக்கொள்வோம். எடுப்பது அதற்குப் பின்னால் இருக்கிற முன்கடைவாய்ப்பல்லைத்தான். மேலே இரண்டு, கீழே இரண்டு, அதுதான் நாலு. அந்த இடத்துக்குக் கோரைப்பல்லைக் கொண்டுவந்து வரிசையில் உட்காரவைப்போம். தெத்துப்பல் அழகு, அதிர்ஷ்டம் என்று பெரியவர்கள் சொல்வதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைக்கே அது பிடித்திருந்து, அங்கே சுத்தமாகத் தேய்க்க முடிந்து, கடி சரியாக இருந்தால், அப்படியே விட்டுவிடுவதில் தவறில்லை. ஆனால் தெத்துப்பல்லுக்கு அடியில் உணவு தங்கிச் சொத்தையாகிறதா, ஈறு வீங்கி இரத்தம் வருகிறதா, பிள்ளை வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் சிகிச்சை தேவை. கடைசியாகச் சொன்னதை நான் முக்கியமான காரணமாகவே எடுத்துக்கொள்வேன். முடிவெடுக்கும்போது பாப்பாவிடமும் கேளுங்கள். இரண்டு வருடம் வாயில் சுமக்கப்போவது அவள்தான்.

அப்புறம், பல் ஆட்டம் காணாதா என்று கேட்டீர்கள். சிகிச்சை நடக்கும்போது லேசாக ஆடத்தான் செய்யும். எலும்பு கரைந்து கட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் சவ்வு கொஞ்சம் அகன்றிருக்கும், அதனால் ஆடும். கம்பி எடுத்து, எலும்பு முற்றியதும் பழையபடி உறுதியாகிவிடும். வேர் நுனி சற்றுத் தேய்வது பலருக்கும் உண்டு. பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான், அதனால் பல்லுக்குக் கெடுதல் இல்லை. நூற்றில் சிலருக்கு அது அதிகமாகலாம். அதனால்தான் நடுவில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறோம், தேய்வு தெரிந்தால் சில மாதம் விசையை நிறுத்திவைக்கிறோம். ஈறு நோய் முற்றி எலும்பு ஏற்கெனவே இறங்கிவிட்ட பெரியவர்களுக்கு, முதலில் ஈறு சிகிச்சை, பிறகுதான் கம்பி. சர்க்கரை இருந்தால் அது கட்டுக்குள் இருக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் பல எலும்பைக் கரைக்கிற செல்களைத்தான் அடக்கி வைக்கின்றன.

வலி? கம்பி மாட்டிய அன்றைக்குச் சில மணி நேரம் கழித்து ஆரம்பித்து, மறுநாள் அதிகமாகி, நாலைந்து நாளில் அடங்கிவிடும். இட்லி, குழைந்த சாதம், கஞ்சி என்று சமாளித்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் பாராசிட்டமால் போதும். புருஃபென் வகை மாத்திரைகள் நான் முன்னால் சொன்ன புரோஸ்டாகிளாண்டினையே குறைப்பவை. ஒன்றிரண்டு போட்டால் பாதகமில்லை, வாரக்கணக்கில் போட்டால் பல் நகர்வதே மெதுவாகலாம்.

சாப்பாட்டில் கடலை மிட்டாய், கரும்பு, சீடை, முறுக்கு, ஐஸ் கட்டி கடிப்பது இவற்றைத் தள்ளிவையுங்கள். கொய்யா, மாங்காய், ஆப்பிள் வேண்டுமென்றால் துண்டு போட்டுக் கடைவாயில் வைத்துச் சாப்பிடட்டும். கம்பியைப் பிராக்கெட்டோடு பிடித்துவைக்கிற ரப்பர் வளையத்தை நிறமில்லாததாகக் கேட்டு வாங்காதீர்கள், நம் சாம்பார் மஞ்சள் இரண்டே நாளில் அதை மஞ்சளாக்கிவிடும். உண்மையான ஆபத்து சுத்தத்தில்தான் இருக்கிறது. சரியாகத் தேய்க்காவிட்டால் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டு விழ ஒரு மாதம்கூடப் போதும். அது எனாமலில் சுண்ணாம்புச் சத்து கரைந்த இடம். கம்பி எடுத்த அன்றைக்குப் பல் நேராக இருக்கும், ஆனால் நிறைய வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு மனது கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. ஃபுளோரைடு பேஸ்ட், கம்பிக்கு அடியில் நுழைகிற சின்னப் பிரஷ், சாப்பிட்டதும் வாய் கொப்பளிப்பது, இரவு தேய்க்காமல் தூங்குவதில்லை என்ற கட்டாயம், இவ்வளவுதான் வேண்டும்.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முன்பல் இடைவெளியை மூட ரப்பர் பேண்டை மாட்டிக்கொள்ளும் வீடியோக்கள் சுற்றுகின்றன. செய்யவே செய்யாதீர்கள். பல் கீழிருந்து மேலே போகப் போகக் கூம்பு வடிவம். ரப்பர் மெதுவாக ஈறுக்குள் ஏறி, வேரோடு வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். வெளியில் தெரியாது. உள்ளே அது அந்த நார்ச்சவ்வையும் எலும்பையும் அரித்துக்கொண்டே போகும். இப்படி இரண்டு முன்பல்லையும் இழந்தவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. 8, 9 வயதுப் பிள்ளைகளுக்கு முன்பல் நடுவில் இடைவெளி இருப்பது பெரும்பாலும் இயல்பு, கோரைப்பல் இறங்கும்போது தானாக மூடிக்கொள்ளும்.

கம்பி வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத அலைனர், அதாவது கழற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் உறை போடலாமா என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். உள்ளே நடப்பது அதே எலும்பு வேலைதான். ஒவ்வொரு உறையும் பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நகர்த்தும், ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். லேசான நெருக்கத்துக்கு நன்றாக வேலை செய்யும். நாலு பல் எடுத்து, உயரத்தில் நிற்கிற கோரைப்பல்லைக் கீழே இறக்கி, வேரை நிமிர்த்துகிற உங்கள் மகள் மாதிரியான கேஸுக்கு நான் கம்பியைத்தான் சொல்வேன். அதுவும் 13 வயதில், சாப்பிடக் கழற்றின உறை டிபன் பாக்ஸ் மூடியோடு போய்விடும்.

கம்பி எடுத்த பிறகு, பல்லைப் புது இடத்திலேயே பிடித்துவைக்கிற ரீடெய்னர் என்ற கருவி போட வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எலும்பு சில மாதத்தில் முற்றிவிடும். ஆனால் ஈறில் பல்லைச் சுற்றியிருக்கிற மீள்தன்மையுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழக ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும், அதுவரைக்கும் பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் சில மாதங்கள் சாப்பிடும் நேரம், பல் தேய்க்கும் நேரம் தவிர நாள் முழுக்க, பிறகு இரவில் மட்டும். இரவில் எத்தனை வருடம் என்றால், பல் நேராக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற வரைக்கும். கம்பியே போடாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ்முன்பல் நெருங்கும், அது உடம்பின் இயல்பு.

கடைசியாக, நாலு பல்லை எடுப்பதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரேயில் எல்லா நிரந்தரப் பல்லும் இருக்கிறதா, எங்காவது பல் எலும்புக்குள் சிக்கியிருக்கிறதா, மேலே எத்தனை மில்லிமீட்டர், கீழே எத்தனை மில்லிமீட்டர் இடம் போதவில்லை, எடுக்காமல் செய்தால் என்ன ஆகும். கோபப்படாமல் பதில் சொல்கிறவரிடம் போங்கள். பல் மருத்துவம் முடித்து, அதற்கு மேல் மூன்று வருடம் இந்தச் சிகிச்சைக்கென்றே எம்.டி.எஸ். படித்தவர்கள் இருக்கிறார்கள், ஆர்த்தோடான்டிஸ்ட் என்று போர்டில் இருக்கும். செலவு கஷ்டமாக இருந்தால் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் இருக்கிற பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு, தனியார் கிளினிக்கை விடக் குறைவாக ஆகும், ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கும். 13 வயதில் இரண்டு மூன்று மாதம் காத்திருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. அதற்குள் சொத்தை இருந்தால் அடைத்து, பல் சுத்தம் செய்து, பாப்பா இரவில் தேய்க்கிற பழக்கத்தையும் கொண்டுவந்துவிடுங்கள்.

சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.